நாலாம் மாடியிலும் அடுப்பு

நான்கு வருடங்களுக்கு முன்பு, பதுளையில் கட்டட வரைபடப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்கு வயிறு எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

மண்ணால் கட்டிய பாரம்பரிய வீடுகளைப் பற்றி ஆளுக்கொரு போஸ்டர் செய்யச் சொன்னார் எங்கள் சேர். எந்த நாட்டு வீடு என்று சீட்டுக் குலுக்கியதில் சீனா எனக்கும் இன்னொருத்திக்கும் விழுந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு போஸ்டர்தான் கொழும்புக் கண்காட்சிக்குப் போகும். ஆக, ஒன்று நான், இல்லையென்றால் அவள்.

அவளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் டாக்டர். அவளுக்கென்று தனி அறை, வரைவதற்கென்றே ஒரு மேசை, அச்சடித்தது போன்ற கையெழுத்து. நானோ நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், குடும்பத்துக்கு ஓர் அறை என்று வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பராவில், தம்பி தங்கையைக் கட்டிலில் ஏற்றிவிட்டுத் தரையில் தாளை விரிப்பேன். முழுத் தாளும் விரியாது. பாதியைச் சுருட்டி வைத்துக்கொண்டு மறு பாதியில் வரைவேன். சீனாவின் வட்டமான மண் வீட்டை இரண்டு அரை வட்டங்களாகத்தான் வரைந்து முடித்தேன்.

அந்த வீடுகளின் படத்தைப் போனில் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெளியே பருத்த மண் சுவர், நாலு மாடி, ஒரே ஒரு பெரிய வாசல். உள்ளே நடுமுற்றம், அதைச் சுற்றி மாடிக்கு மாடி வரிசையாகக் கதவுகள். ஓர் ஊரே அதற்குள் குடியிருக்கும். எங்கள் பக்கம் அடைமழை பிடித்தால் மேலே மலையில் இருக்கிற மண் எப்போது இறங்குமோ என்று பயந்துகொண்டு படுப்போம். அங்கே மண் சுவர் நூற்றுக்கணக்கான வருடங்களாக நிற்கிறதாம். அந்தச் சீனாக்காரர்கள் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனாலும் ஒரு தைரியம். பல குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழே வாழ்வதைப் பற்றி டாக்டர் மகளுக்கு என்ன தெரியும்? நான் முற்றத்தை ஆட்களால் நிரப்பினேன். கிணற்றடியில் குடத்தோடு ஒரு வரிசை, அதில் முந்தப் பார்க்கிற ஒருத்தி, கொடியில் துணி, தானியம் கொத்த வரும் கோழி, அதை விரட்டுகிற பிள்ளை. ஒவ்வொரு கதவுக்கும் இலக்கம் போட்டேன். ஒவ்வொரு கதவிலும் அடுப்புப் புகை வருவது போல வரைந்தேன்.

ஒப்படைக்க ஒரு வாரம் இருந்தபோது அவள் என் போஸ்டரைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"நான் ஒண்டு சொன்னா கோவிப்பீரோ? ஒரு குடும்பத்துக்கு ஒரு அறையில்லை. கீழ இருந்து உச்சி வரைக்கும் ஒரு வரிசை முழுக்க ஒரு குடும்பத்துக்குத்தான். அடுப்பு வைக்கிற குசினி கீழ மட்டும்தான், அதுக்கு மேல தானியம், அதுக்கும் மேல படுக்கிறது."

நல்ல படத்தைக் கெடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் பொறந்து வளந்ததே லயத்துல. நீங்க எனக்குச் சொல்லித் தர வேணாம்" என்றேன். அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லாப் போஸ்டர்களையும் சுவரில் மாட்டினோம். சேர் என்னுடையதன் முன்னால் நெடுநேரம் நின்றார். முற்றத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு விரலை மேலே நகர்த்தி, "நாலாம் மாடியிலயுமா அடுப்பு? உள்ள முழுக்கப் பலகை, பத்திக்காதா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதற்காகவும் அவள் மேல் கோபம் வந்தது.

அவள் சொன்னதுதான் சரி. அவளுடைய போஸ்டர் தேர்வானது. சுவர், படி, அறை எல்லாம் அளந்து வைத்தது போல இருந்தது. முற்றம் மட்டும் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

போகும்போது அவள் வந்து கேட்டாள். "திங்கட்கிழமைதான் அனுப்புவினமாம். முற்றத்தில என்ன கீறுறதெண்டு எனக்குத் தெரியேல்ல. நீர் கீறித் தருவீரோ?"

"எனக்கு நேரமில்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வெள்ளையாகவே போகட்டும், கொழும்பில் எல்லாரும் பார்க்கட்டும் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன்.

வீட்டில் சுருளை மூலையில் எறிந்தேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து, ஒரு நுனியைக் கட்டிலுக்கு மேலே தூக்கிப் பிடித்து விரித்துப் பார்த்தார். இலக்கம் போட்ட கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாவம்டி, அங்கயும் ஒத்தக் காம்பராதானா?"

ஒரு குடும்பத்துக்கு நாலு மாடி கொடுத்திருந்த வீட்டில், குடும்பத்துக்கு ஒரு காம்பராவாகப் பிரித்துக் கொடுத்தது நான்தான். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு கதவைப் பார்த்ததும் அதற்குள் ஒரு முழுக் குடும்பம் இருக்கும் என்று எனக்குத் தானாகவே தோன்றியிருக்கிறது. தோற்றது கூட அவ்வளவு வலிக்கவில்லை. அன்று அழுதது இதற்காகத்தான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். அவள் தன் தாளை மேசையில் முழுவதுமாக விரித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தாள். கிணற்றடி வரிசை, முந்தப் பார்க்கிற பெண், கோழி, பிள்ளை, எல்லாரையும் அவள் முற்றத்தில் குடியேற்றினேன். முடிந்ததும் கீழே, தன் பெயருக்கு மேலே, என் பெயரை எழுதினாள். அந்தக் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்தபோதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போது வீட்டுப் படம் வரைவதுதான் என் வேலை. புதிதாக ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்து எத்தனை அறை போடலாம் என்று கேட்கும்போது, என் மனதில் முதலில் வருவது இன்றைக்கும் ஒற்றைக் காம்பராதான். அதை அழித்துவிட்டுத்தான் பென்சிலைக் கையில் எடுக்கிறேன்.