களத்தில் விழ வந்தவர்கள்

குன்னம் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர எனக்குப் பதினைந்து நாள் தவணை கொடுத்திருந்தார்கள். திருச்சியில் மூன்று வருஷம் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா சம்மதிக்கவில்லை. அவர் சொன்ன காரணங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நிலபுலம் உள்ள வீட்டுப் பெண் சம்பளத்துக்குப் போவதாவது என்பது ஒன்று. கல்யாணம் தள்ளிப்போகும் என்பது இரண்டு. மூன்றாவதைத்தான் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: பிரசவம் பார்க்கப் பருத்திக் காட்டு வழியே ஒற்றையில் நடக்க வேண்டும், எவனாவது கையைப் பிடித்தால் என்ன செய்வாள்? முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்றாவதற்கு அண்ணன் வைத்திருந்தார்.

அண்ணன் மலேயாவில் ஒரு தோட்ட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். போர்க்காலத்தில் அந்த ஆபீசுக்கு வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் அவருக்கு ஒரு கைப்பிடி வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார். கையைப் பிடிப்பவனோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. அவன் வரும் வேகத்திலேயே கூடப் போய், அவன் மணிக்கட்டை வெளிப்பக்கமாக மடக்க வேண்டும். அவன் தானே விழுவான்.

"அங்க ரெண்டு விதமா கத்துக்குடுப்பாங்க," என்பார் அண்ணன். "ஒரு வாத்தியாரு, பிடிக்கிறவன் உடும்பு மாதிரி பிடிக்கணும், அப்பத்தான் வித்தை வரும்பாரு. எங்க வாத்தியாரு அப்படி இல்ல. பிடிக்கிறவன் எதுத்தே நிக்கக் கூடாது, ஓட்டத்தோட வரணும்பாரு. பாக்கவே தண்ணி ஓடுற மாதிரி இருக்கும்."

"எதுக்காதவனைத் தள்ளுறதுல என்னண்ணே இருக்கு?"

"உனக்கு எலும்புதான் தெரியும். இது மூச்சு. பேசாம கத்துக்க."

காலையில் களத்தில் வைக்கோல் பரப்பிப் பழகுவார். பிடிக்க வருபவர்கள் எங்கள் பண்ணையாட்கள். நான் மூன்று நாள் தள்ளி நின்று பார்த்துக் குறித்துக்கொண்டேன்: பிடித்தவர் யார், எந்தக் கை, எப்போது விழுந்தார். மடக்கினால் முதலில் மணிக்கட்டு அதன் எல்லையைத் தொட வேண்டும். பிறகு முழங்கை, தோள், கடைசியில்தான் இடுப்பு. எங்கள் களத்தில் எல்லோருக்கும் இடுப்பு முதலில் மடிந்தது. ஒருவருக்கு அண்ணன் விரல் படும் முன்பே மடிந்தது. விழாதவர் என்று குறிக்க ஒரு பத்தி விட்டிருந்தேன். அது காலியாகவே கிடந்தது.

அவர்களுக்குள் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது.

"நாளைக்கு உன் முறைடா. போன தடவ நீ விழுந்தது சரியில்லன்னு சின்னய்யா கோச்சுக்கிட்டாரு."

"வைக்கோல் போட்டிருக்கு மாப்ள. களை எடுக்கறதுக்கு இது தேவல."

அண்ணனிடம் சொன்னேன். "பயிற்சி கூடக் கூட அவங்க ஒடம்புக்கு ஓட்டம் புரியுது," என்றார். அதை அவர் முழுக்க நம்பினார்.

தவணையில் ஐந்து நாள் மிச்சம் இருந்தபோது அப்பா இறங்கிவந்தார். "நம்ம ஆள் ஒருத்தனை அவ தள்ளட்டும். அப்புறம் போகட்டும்." அண்ணன் எங்கள் வண்டிக்காரரைத் தேர்ந்தெடுத்தார். ஆட்களில் அவர்தான் பெரிய உடம்பு. அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: என் மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக் கட்ட வேண்டும், அவர் அதன் மேல்தான் பிடிக்க வேண்டும், என் கையில் அவர் கை படக் கூடாது.

அன்று காலை வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். அவருக்கு என் அப்பா வயது இருக்கும். நீ என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

"இன்னிக்கு என் கையைக் கெட்டியா பிடி. நான் என்ன செஞ்சாலும் விழாதே."

சிரித்தார். "எதுக்கு சின்னம்மா வம்பு? நான் விழுந்துட்டா நீங்க வேலைக்குப் போயிடலாம். எம் பொஞ்சாதிகூட, நல்லா விழுந்துட்டு வாய்யான்னுதான் சொல்லி அனுப்புனா."

"காட்டுல பிடிக்கிறவன் எனக்காக விழுவானா? எனக்கு இது வருதா இல்லையான்னு தெரியணும்."

"பெரியய்யா?"

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. சொன்னால் அப்பா தடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

களத்தில் அவர் பிடித்தார். வேகத்தோடு போனேன், அவர் அசையவில்லை. மடக்கினேன், அவர் மணிக்கட்டு மடங்கவில்லை. மறுபக்கம் திரும்பி உடம்பின் எடை முழுவதையும் போட்டு இழுத்தேன். சுற்றியிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவருடைய ஐந்து விரலும் என் தோலின் மேல் இருந்தன.

அப்பா எழுந்துவிட்டார். அதைப் பார்த்ததும் வண்டிக்காரர் கையை விட்டுவிட்டார்.

"யார் கையைடா பிடிக்கிற?" என்று அண்ணன் பாய்ந்து வந்து அவர் வலது கையைப் பற்றினார். அதில் எதிர்ப்பு எதுவும் இல்லை, தொங்கிய கை. அண்ணன் மடக்கினார். அவர் விழவில்லை. அண்ணன் இன்னும் மடக்கினார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. பிறகுதான் அவர் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாத்தீங்களாப்பா? வித்தை பலிக்குது. அவளுக்கு இன்னும் படியல, அவ்வளவுதான்."

அப்பா அங்கே நின்றிருந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்கள் சாயங்காலத்துக்குள் எங்கே எல்லாம் போய்ச் சொல்வார்கள் என்று யோசித்திருப்பார். "அவ குன்னத்துக்குப் போகட்டும்," என்றார். "கொஞ்ச நாள் ஊர்ல இல்லாம இருக்கறது நல்லது."

அப்படித்தான் எனக்கு அனுமதி கிடைத்தது.

மாட்டுக்கொட்டகையில் வைத்துக் கட்டுப் போட்டேன். இரண்டு மூங்கில் பட்டை, பழைய வேட்டிக் கிழிசல், கழுத்திலிருந்து ஒரு தூளி. கற்றுக்கொண்டபடி எல்லாம் சரியாகச் செய்தேன். அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும் எழுதினேன். எப்படி முறிந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. பின்னால் நின்ற அண்ணன், "வண்டியிலேருந்து விழுந்தான்னு போடு," என்றார். போட்டேன். குன்னத்துக்கு அனுப்புவதாக அப்பா சொன்ன வார்த்தை அப்போது ஒரு மணி நேரம்கூடப் பழையதாகியிருக்கவில்லை. அதை நான் கெடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

அண்ணன் போன பிறகு கேட்டேன். "சின்னய்யா மடக்கினப்ப நீ விழுந்திருக்கலாமே. எத்தனை தடவ விழுந்திருக்கே?"

வலியில் அவர் முகம் வேர்த்திருந்தது. நான் கேட்டது அவருக்குப் புரியவே இல்லை போலிருந்தது.

"நீங்கதானே சின்னம்மா விழாதேன்னு சொன்னீங்க?"

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் களத்தில் ஒருவராவது உண்மையாகப் பிடித்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அண்ணனுக்காக விழுந்ததும் எனக்காக நின்றதும் அவருக்கு ஒரே வேலைதான், சொன்னதைச் செய்வது. விழப் பழக்கியவர் அண்ணன். நிற்கச் சொன்னவள் நான். முறிந்தது அவருடைய கை.

தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போதே குன்னத்துக்குப் புறப்பட்டேன். பெட்டியை வேறொருவர் தூக்கி வைத்தார், வண்டியையும் அவரே ஓட்டினார். இந்த இரண்டு வருஷத்தில் பருத்திக் காட்டு வழியில் என் கையை யாரும் பிடிக்கவில்லை. அண்ணன் அதையும் தன் வித்தைக்குக் கிடைத்த பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.