பாலத்துக்கு முன் எண்ணிய மூச்சு

"ஓகஸ்ட் 9, சனி. காலை 8.20. அரியாலையின் கடைசி வீடுகள் முடிந்ததும் தொடக்கம். மூச்சு நிமிடத்துக்கு 26. விரல்கள் குளிர். வளைவடியில் இறங்கினோம். நான்காவது முறை."

இது என் கொப்பியில் நான் எழுதிய பதிவு. மூச்சு என் மனைவியுடையது. அதை என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தபடி எண்ணினேன். வளைவு என்பது யாழ்ப்பாணத்துக்கு வருபவர்களை வரவேற்கச் செம்மணிப் பக்கம் கட்டியிருக்கும் வளைவு. நாங்கள் வரவில்லை, போய்க்கொண்டிருந்தோம். சாவகச்சேரிக்குப் போக வேண்டியவர்கள் அரைவாசி வழிகூடப் போகாமல் இறங்கி, வெயிலில் நின்று, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம்.

சாவகச்சேரியில் அவளுடைய அக்கா இருக்கிறா. யூன் மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேசன் முடிந்து கட்டிலோடு கிடக்கிறா. அவவால் வர முடியாது. இவளால் போக முடியவில்லை. உடன்பிறந்தவர்கள் என்று இருவருக்கும் மிஞ்சியிருப்பது ஒருவருக்கு ஒருவர்தான். ஒவ்வொரு நாளும் காலையில் ரெலிபோனில் கதைத்தார்கள். அக்கா ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டா. இவள் ஒவ்வொரு நாளும் ஒரே பொய்யைச் சொன்னாள். இந்தக் கிழமை எனக்குத் தடிமன், வாற கிழமை வாறன்.

தடையாக இருந்தது சாவகச்சேரி வழியில் வரும் நாவற்குழிப் பாலம். அதாவது, பாலம்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். என்னிடம் ஆதாரம் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஒரே இரவில் வெளியேறிய அந்த இடப்பெயர்வில் நாங்கள் எல்லோரும் அந்தப் பாலத்தால்தான் போனோம். அக்காவும் தங்கையும் கையைப் பிடித்தபடி வந்தவர்கள், பாலத்தின் நெரிசலில் கை நழுவிப் பிரிந்து போனார்கள். இரண்டு நாட்கள் கழித்துச் சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையில்தான் மீண்டும் சந்தித்தார்கள். எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டினோம், எத்தனை மணிக்குப் பாலத்தடியை அடைந்தோம், எங்கே மழை பிடித்தது என்பதெல்லாம் என்னிடம் எழுத்தில் உண்டு. வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அதை எடுத்து வாசித்துக் காட்டுவேன். அவள் அந்த நேரங்களில் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போய்விடுவாள். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காமலே போய்விடுவாள். அதை நான் விருந்தோம்பல் என்று எடுத்துக்கொண்டேன்.

இருபது வருடங்களுக்கு மேல் அந்தப் பாலத்தால் பஸ்ஸில் போய் வந்தவள். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா விழுந்த பிறகுதான் இது தொடங்கியது. ஏன் இப்போது என்ற கேள்விக்கு எவரும் பதில் சொல்லவில்லை. எரிச்சல் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இரத்தம் சோதித்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார் டொக்டர். ஒரு மனுசியின் விரல்கள் பத்தும் ஐஸ் போல் குளிர்ந்து, வாய் உலர்ந்து, பேச முடியாமல் போவதற்கு "ஒன்றும் இல்லை" என்று பெயர் வைத்தால் நான் கொப்பியில் எதை எழுதுவது? நித்திரைக்கு ஒரு குளிசையும், மனநலக் கிளினிக்குக்கு ஒரு துண்டும் தந்தார்கள். துண்டைப் பார்த்த எங்கள் உறவுக்காரி ஒருத்தி, அதை ஒருவருக்கும் காட்ட வேண்டாம், தன் மகளுக்குக் கலியாணம் பேசுகிற காலம் என்றாள். இன்னொருவர் நூல் கட்டச் சொன்னார். கனடாவிலிருக்கும் அவளுடைய மச்சான் மூச்சுப் பயிற்சி வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கடற்கரையில் சம்மணமிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தா. என் மனைவி அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, உவவுக்கு என்ன கவலை என்று கேட்டாள்.

நானும் வாசித்தேன். வாசிகசாலையில் இருந்ததையும், பேரன் முறையான ஒருவன் ரெலிபோனில் இறக்கித் தந்ததையும் வாசித்தேன். அனுபவித்ததை உடம்பு தன்னிடம் வைத்துக்கொள்ளும் என்றது ஒன்று. நினைவைப் பேசித் தீர்க்க வேண்டும் என்றது இன்னொன்று. பேசவே கூடாது, மூச்சும் தசையும் போதும் என்றது மூன்றாவது. மூன்றையும் எழுதியவர்கள் சந்தேகமே இல்லாமல் எழுதியிருந்தார்கள்.

கிளினிக்கிலிருந்து எங்களை அனுப்பிய இடம் எங்கள் வாசிகசாலை மண்டபம்தான். புதன்கிழமை பின்னேரங்களில் ஓர் உளவளத்துணையாளர் வந்து வகுப்பு நடத்தினா. முப்பது வயது இருக்கும். வந்தவர்கள் ஐந்தாறு பேர், என்னைத் தவிர எல்லோரும் பெண்கள். பாயில் படுக்கச் சொல்லுவா. குதிக்காலைத் தரையில் அழுத்துங்கோ, தோளைக் காது மட்டும் உயர்த்திப் பிடித்து விடுங்கோ, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கோ என்பா. வாயை மூடிக்கொண்டு "ம்" என்று முனகச் சொல்லுவா. விரும்பினவர்கள் தங்கள் சாமியின் பெயரை மூச்சோடு சேர்க்கலாம். கொழும்புத்துறையிலிருந்து வந்த ஒரு கடற்தொழில் குடும்பத்துப் பெண் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் ஒரு மூச்சு விட்டா. அவவுடைய மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதை அவவே முதல் நாள் சொன்னா. பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை.

நான் பாயில் படுக்கவில்லை. பத்திரிகை வாசிக்கும் மேசையில் இருந்து எழுதினேன். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பயிற்சி எத்தனை நிமிடம், முன்னும் பின்னும் மனைவியின் மூச்சு எத்தனை. மூன்றாவது கிழமை அந்தச் செபமாலைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தா.

"அண்ணை பொலிசோ? நாங்கள் மூச்சு விடுறதையும் எழுதுறியள்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டு அப்போது பல கிழமைகள் ஆகியிருந்தன. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

துணையாளரிடம் நான் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எத்தனை வகுப்பில் சுகம் வரும்? நாட்கணக்குச் சொல்ல ஏலாது என்றா. அப்படியென்றால் சுகம் வருகிறது என்று எப்படித் தெரியும்? ரீச்சருக்குத் தெரியும் என்றா. என் மனைவி ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தவள், எல்லோருக்கும் ரீச்சர். ரீச்சருக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்ல மாட்டாவா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை, குளிசையை மட்டும் டொக்டரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாய்களைச் சுருட்டத் தொடங்கினா.

செப்ரெம்பரில் இன்னும் இரண்டு முறை முயன்றோம். ஒரு முறை ஓட்டோ. கோப்பாய்–கைதடி வழியாகவும் போகலாம்தான், ஆனால் அதிலும் ஒரு பாலம். இரண்டாவது முறை பஸ். கொண்டக்டருக்கு எங்களை நன்றாகத் தெரிந்துவிட்டிருந்தது.

"ஐயா, சாவகச்சேரிக்கோ ரிக்கற், இல்லாட்டி வழக்கம்போல வளைவுக்கோ?"

சாவகச்சேரிக்கு இரண்டு என்றேன். வளைவடியில் இறங்கினோம். மூச்சு 28. எதிர்ப்பக்கப் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அக்காவின் அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. ஒலித்து ஓயும்வரை ரெலிபோனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செப்ரெம்பர் 24, புதன். இந்த நாளைப் பற்றிய பதிவு என் கொப்பியில் ஒரு வரிதான். மிச்சத்தை நினைவிலிருந்து எழுதுகிறேன். அன்று துணையாளர் ஒவ்வொருவரையும் கண்ணை மூடி, தங்களுக்குக் கஷ்டம் வருகிற நேரத்தை மெல்ல நினைக்கச் சொன்னா. கதை வேண்டாம். உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்பதை மட்டும் சொன்னால் போதும். செபமாலைக்காரி தொண்டை என்றா. என் மனைவியின் முறை வந்தது. பாலம் என்பாள், நெஞ்சு என்பாள் என்று நான் எழுதத் தயாராக இருந்தேன்.

"முதல் வயித்திலை, பிள்ளை. வயிறு கல்லாகும். இவர் பொக்கெற்றிலையிருந்து பேனையை எடுத்து டிக் எண்டு அமத்துவார். அதோடை."

என் பேனை அமத்தித்தான் இருந்தது. அதை மூடினால் திரும்பவும் சத்தம் வரும். மூடாமல் மேசையில் வைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் துணையாளர் கொப்பியைப் பார்க்கலாமா என்று கேட்டா. மறுக்க முடியவில்லை. நின்றபடியே பல பக்கங்கள் வாசித்தா. மூச்சு எல்லா இடத்திலும் கடைசி வீடுகள் முடிந்த உடனேயே எண்ணப்பட்டிருந்தது. பாலம் அதற்கும் அப்பால். ஒரு முறைகூட நாங்கள் பாலத்தைக் கண்ணால் காணும் தூரத்துக்குப் போகவில்லை. என் பதிவுகளில் இது தெளிவாகவே இருந்தது. நான்தான் எழுதியிருந்தேன், நான்தான் வாசிக்கவில்லை.

அப்படியென்றால் பாலம் ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துதான் இருந்தது.

"பாலமும் இருக்கு, சேர். பேனையும் இருக்கு. நீங்களும் அண்டைக்கு அந்தப் பாலத்தாலைதானே வந்தனீங்கள். இதிலை ஏன் உங்கடை மூச்சு ஒண்டும் இல்லை?"

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றேன். சரி, ஒரு நிமிடம் பாயில் படுத்துப் பாருங்கோ என்றா. மரியாதைக்காகப் படுத்தேன். பல்லைக் கடித்திருக்கிறேன் என்பது அவ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. விடச் சொன்னா. விட முடியவில்லை. எழுபது வயதில் தன் தாடையைத் தன்னால் திறக்க முடியாமல் ஒரு மனிதன் வாசிகசாலைப் பாயில் கிடப்பது எவ்வளவு எரிச்சலான காரியம் என்பதைப் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எழும்பிச் சால்வையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் கேட்டேன். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?

"சொன்னால் அதையும் எழுதுவியளப்பா."

அந்தக் கிழமை மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. கிளினிக்கில் குளிசையை மாற்றினார்கள். அவள் காலையில் கிணற்றடியில் குதிக்காலை ஊன்றி நின்று "ம்" என்று முனகுவதைத் தானாகத் தொடங்கினாள். நான் பேனையைச் சேட்டுப் பொக்கெற்றிலிருந்து எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே விட்டுப் பார்த்திருந்தால் எது வேலை செய்தது என்று அறிந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஒக்ரோபர் 17, வெள்ளி மாலை, நாளைக்குச் சாவகச்சேரிக்குப் போகிறேன் என்றாள். எத்தனை மணிப் பஸ்ஸுக்கு வெளிக்கிட வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்கள் வரவேண்டாம்."

"வழியிலை ஏதும் எண்டால்?"

"இறங்குவன். இறங்கி நிண்டு மூச்சு விட்டிட்டு, அடுத்த பஸ்ஸிலை ஏறுவன். திரும்பி வாற பஸ்ஸிலை இல்லை, போற பஸ்ஸிலை."

இதைச் சொன்னபோது அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள், அக்காவுக்கு. எனக்குக் கோபம் வந்தது. ஆறு முறை இறங்கியபோதும் பக்கத்தில் நின்றவன் நான். தண்ணீர்ப் போத்தல் பிடித்தவன் நான்.

அடுத்த நாள் காலை படலையடியில் நின்று பஸ் போவதைப் பார்த்தேன். 8.05. பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. 8.20க்குக் கடைசி வீடுகள். நான் மணிக்கூட்டைப் பார்க்காமலே அது எனக்குத் தெரிந்தது. கைகள் குளிர்ந்திருந்தன. காலைச் செருப்பிலிருந்து எடுத்து மண்ணில் வைத்தேன், யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு. அதில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. மண் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

9.10க்கு ரெலிபோன் அடித்தது. அக்கா.

"வந்திட்டாள் உங்கடை ஆள். வந்தவுடனை எங்கடை வீட்டுக் கறிக்கு உப்புக் காணாதாம் எண்டு சண்டை. நீங்கள் எப்பிடி இவ்வளவு காலமும் சமாளிச்சனீங்கள்?"

பின்னால் அவள் ஏதோ சொல்வதும் இருவரும் சிரிப்பதும் கேட்டன. பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆனது. அக்கா ரெலிபோனை வைக்க மறந்து, அது அப்படியே திறந்து கிடந்தது. நான்தான் வைத்தேன்.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்தாள். பையில் கத்தரிக்காய், அக்காவின் பழைய சீத்தைச் சட்டை ஒன்று, அளவெடுத்துப் புதிது தைக்க. சாப்பிட்டாள். குளித்தாள். நான் கேட்கக் கூடாது என்று இருந்தேன். விளக்கு வைத்த பிறகு கேட்டே விட்டேன். பாலத்தில் எப்படி இருந்தது?

"பாலம் இருந்த இடத்திலைதான் இருக்கு."

அடுத்த சனியும் போவதாகச் சொன்னாள். அடுத்த சனியும் போனாள். மூன்றாவது சனி, பஸ்ஸில் வந்த அதே கொண்டக்டரைச் சந்தியில் கண்டு, ரீச்சர் வழியில் இறங்கினவவா என்று விசாரித்தேன். எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, ஐயா என்றான்.

லாச்சியிலிருந்து பேனையை எடுத்து, அவள் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து, கொப்பியின் கடைசிப் பதிவை எழுதினேன்:

"ஒக்ரோபர் 18, சனி. 8.05 பஸ். தனியாக. 9.10க்கு முன் சாவகச்சேரி. வளைவடியில் இறங்கினாளா, நேரே போனாளா, பாலத்தின் மேல் மூச்சு எத்தனை: தெரியாது. இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை."