புளியில் ஊறிய சன்னக் கோதுகள்

போன கிழமை மகள் வந்தபோது எனக்கென்று ஒரு சின்னப் போத்தல் வாங்கி வந்தாள். பித்தளை துலக்கும் திரவமாம். "ரெண்டு சொட்டு விட்டுத் துடைச்சாக் காணும் அம்மா. இனிப் புளியோடை மாரடிக்காதேங்கோ" என்றாள். மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி மணம். சரி பிள்ளை என்று அலுமாரிக்குள் வைத்தேன். அவள் கார் முடக்குத் திரும்பியதும் புளியைக் கரைத்து, மெழுகுதிரித் தண்டுகள் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த வயதில் எனக்குப் புத்தி சொல்லித் திருத்தலாம் என்று நினைக்கிற பிள்ளையை என்ன செய்வது.

மன்னாரில் பெருநாளுக்கு முதல்நாள் மாதா கோயில் மெழுகுதிரித் தண்டுகளைப் பெண்கள் கூடியிருந்து துலக்குவோம். புளி மணத்துக்கு அந்த நினைவுதான் வரவேண்டும், நியாயப்படி. ஆனால் எனக்கு வருவது ஜெர்மனியில் எங்கள் வீட்டுக்காரர் ஹெர் பெக்கரின் கெல்லர். கெல்லர் என்றால் வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை. உருளைக்கிழங்கும் சைக்கிளும் உடுப்புத் தோய்க்கிற மெஷினும் அங்கேதான் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் வுப்பர்டாலுக்கு வெளியே ஒரு மேட்டுத் தெருவில் குடியிருந்தோம். மேல்மாடியில் நான், என் மனுசன், தொட்டிலில் மகள். கீழே வீட்டுக்காரர் பெக்கர், தனி ஆள், கடைசல் பட்டறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். சட்டம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு சத்தமும் கேட்கக்கூடாது. ஒருமுறை தெரியாத்தனமாக ஞாயிறு காலை தூசு உறிஞ்சும் மெஷினைப் போட்டுவிட்டேன். கதவில் வந்து நின்று "சொன்ராக்" என்று ஒரே சொல் சொன்னார். ஞாயிறு. வெற்றுப் போத்தல்களைத் தெருமுனைத் தொட்டியில் போடப் போனேன், அதற்கும் வழிமறித்து அதே சொல். கண்ணாடி உடைகிற சத்தம் அயலுக்குக் கேட்குமாம்.

"இந்த மனுசன் மூச்சு விடுறதுக்கும் நேரம் போட்டு வைச்சிருக்கும்" என்று நான் புறுபுறுப்பேன்.

"மெல்லக் கதையும். எங்களுக்கு ஆர் வீடு தருவினம் எண்டு நினைக்கிறீர்?" என்பார் என் மனுசன்.

அதுவும் உண்மைதான். அப்போது எங்களிடம் இருந்தது டுல்டுங். திருப்பி அனுப்பாமல் கொஞ்சக் காலம் பொறுத்துக்கொள்கிறோம் என்கிற தாள் அது. சில மாதங்களுக்கு ஒருமுறை டெர்மின் தருவார்கள், கந்தோருக்கு வரவேண்டிய நாள். போய் நின்று முத்திரை வாங்கவேண்டும். முத்திரை விழாவிட்டால் விமானம்தான். 

பெக்கர் துவக்குச் சுடும் கழகத்தில் உறுப்பினர். நம்மூரில் பந்தடிக்கப் போவதுபோல இங்கே சில பேர் குறிபார்த்துச் சுடப் போவார்கள். சுட்டு முடிந்த சன்னக் கோதுகளை, வெடித்த தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூடுகளை, பொறுக்கிவந்து கெல்லரில் வைத்து மருந்து நிரப்பி மறுபடியும் சன்னமாக்குவார். அதற்கு அரசாங்க அனுமதி வைத்திருந்தார், மருந்து இரும்புப் பெட்டியில் பூட்டுக்குள் இருக்கும். ஆனால் நிரப்ப முதல் கோதைத் துப்பரவாக்கவேண்டும். புகைக்கரியோடு அச்சுக்குள் அழுத்தினால் அச்சில் கீறல் விழும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்தது சத்தம்தான்.

ஒரு பின்னேரம் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கலகலவென்று தொடங்கியது. இரும்பு ட்ரம் ஒன்றுக்குள் கோதுகளையும் வாதுமைக் கொட்டை ஓட்டுத் தூளையும் போட்டு மோட்டரால் சுழற்றுகிறார். அது எனக்குத் தெரியாதே. எனக்கு அது மன்னாரில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை. மேலே ஹெலிகொப்டர் நின்று சுடும்போது வெற்றுக் கோதுகள் கூரையில் கொட்டும். கோது கொட்டுகிற சத்தம் கேட்டால் அடுத்தது என்னவென்று எங்களுக்குத் தெரியும். பிள்ளையோடு மேசைக்குக் கீழே போய்விட்டேன். வேலையால் வந்த என் மனுசன் குனிந்து என்னைப் பார்த்தார், கீழே இறங்கிப் போனார். பெக்கரிடம் உடைந்த ஜெர்மனில் என்ன சொன்னாரோ, சத்தம் நின்றது.

அதன்பிறகு பெக்கர் ட்ரம்மைத் தொடவில்லை. வேறு வழி தேடினார். உடுப்புத் தோய்க்கப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஒருநாள் சவர்க்காரத் தண்ணீர், கரி போகவில்லை. ஒருநாள் வினாகிரி, கோதெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. துணியால் ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு முறைப்பாடும் இல்லை. அதுதான் எனக்குப் பயம். எங்களால் வீட்டுக்காரருக்குக் கரைச்சல் என்றால் முதலில் போவது எங்கள் வீடு.

ஆகவே நான் துணிந்தேன். கையளவு புளியோடு இறங்கிப் போய், ஒரு கறுத்த கோதை எடுத்து அவர் கண்முன்னே தேய்த்துக் கழுவிக் காட்டினேன். பளீரென்று வந்தது. விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். "சாப்பாடு" என்றேன் ஜெர்மனில். நம்பாமல் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அந்த முகத்தைப் படம் எடுத்து வைத்திருக்கவேண்டும். பிறகு கைச்சாடையோடு இரண்டு விசயம் சொன்னார். கனநேரம் ஊறவிடக்கூடாது. கழுவினால் உள்ளுக்குள் ஒரு துளி ஈரம் இருக்கக்கூடாது, மருந்து பழுதாகும். பித்தளையைப் புளியில் கனநேரம் விடக்கூடாதென்று எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தேன். துலக்கித் தருகிறேன் என்று சொல்லி ஒரு பை கோதுகளை மேலே கொண்டுவந்தேன்.

முதலில் ஒன்றைத் துலக்கி மாதிரிக்கு யன்னல் விளிம்பில் வைத்தேன். மற்றதெல்லாம் குசினித் தொட்டியில் புளித்தண்ணீரில் கிடந்தன. அடுத்த கிழமை டெர்மின். என் மனுசன் வேலைக்குப் போய்விட்டார், பெக்கர் கழகத்தில். பெல் அடித்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே பச்சையும் வெள்ளையுமாகப் பொலிஸ் கார்.

இங்கே நான் கொஞ்சம் விளக்கவேண்டும். மன்னாரில் என் தம்பி பால்மாப் பேணி நிறைய வெற்றுக் கோது பொறுக்கி வைத்திருந்தான், விளையாடத்தான். ஆமி சுற்றிவளைக்கிறதென்று கேள்விப்பட்டதும் அம்மா பேணியோடு கிணற்றுக்குள் போட்டார். வீட்டில் ஒரு கோது கிடந்தால் இளந்தாரியைக் கொண்டுபோவார்கள். ஒன்று கட்டிலுக்குக் கீழே உருண்டுபோய்க் கிடந்தது அம்மாவுக்குத் தெரியவில்லை. தம்பியைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தான். வந்தது எங்கள் தம்பி இல்லை.

ஜெர்மனியில் வெற்றுக் கோது வெறும் பித்தளை, அதற்கு ஒரு சட்டமும் இல்லை என்று எனக்கு ஆர் சொன்னது? இங்கே கிணறும் இல்லை. தொட்டியில் கிடந்ததெல்லாவற்றையும் வாரி ரசச் சட்டிக்குள் போட்டேன். புளித்தண்ணீரையும் மேலே ஊற்றி, மூடி, அடுப்பைத் திருகினேன். மணம் வரட்டும் என்று உள்ளியும் மிளகும் தட்டிப் போட்டேன். பிறகு போய்க் கதவைத் திறந்தேன்.

ஒரு பெடியன், ஒரு பெண். இரண்டு பேரும் உள்ளே வந்து குசினியில் நின்று கதைத்தார்கள். எனக்கு "களவு" என்ற சொல் மட்டும் விளங்கியது. பிறகுதான் தெரியும், தெருவில் தோட்டக் கொட்டில்களை உடைத்திருக்கிறார்கள், வீடு வீடாகக் கேட்டு வருகிறார்கள். அப்போது எனக்கு நாங்கள் களவெடுத்ததாகத்தான் சொல்கிறார்கள் என்று பட்டது. தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன், ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாது. அந்நேரம் சட்டி கொதிக்கத் தொடங்கியது. கொதிக்கிற தண்ணீரில் கோதுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. டிக், டிக், டிக். மூடி ஆடுகிறது. தொட்டிலில் பிள்ளை முழித்துவிட்டது.

அந்தப் பெண் சட்டியைப் பார்த்தாள். என்ன சமையல் என்றாள்.

"சூப்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நல்ல மணம் என்றாள்.

பெடியன் அதற்குள் யன்னலடிக்குப் போய்விட்டான். மாதிரிக்கு வைத்த அந்தக் கோது. கட்டிலுக்குக் கீழே கிடந்தது போல, எல்லாவற்றையும் ஒளித்து ஒன்றை விட்டுவிட்டேன். எடுத்தான், வெளிச்சத்தில் திருப்பினான், மணந்தான். "சௌபர்" என்றான், துப்பரவு என்று. பிறகு என்னைப் பார்த்து "ஹெர் பெக்கர்?" என்றான். என் தலை தானாக ஆடியது. கிழவரையும் காட்டிக்கொடுத்தாயிற்று என்று நினைத்தேன். அவன் கோதை இருந்த இடத்தில் வைத்தான். நல்ல நாளாகட்டும் என்று சொல்லி இரண்டு பேரும் போனார்கள்.

போனால் எனக்கு நிம்மதி வருமா? எங்கள் ஊரில் முதலில் வருபவர்கள் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். பிறகு ட்ரக்கோடு வருவார்கள். பிள்ளையின் உடுப்பு, பால்மா, கம்பளி எல்லாவற்றையும் ஒரு பைக்குள் அடைத்து மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தேன். சட்டியை மறந்தேபோனேன். அது தன்பாட்டில் கொதித்தது.

பின்னேரம் என் மனுசன் வந்தார். "இஞ்சரும், என்ன எரியிற மணம்?"

"பொலிஸ் வந்தது. கோதெல்லாத்தையும் சட்டிக்கை போட்டிட்டன். திரும்பி வருவாங்கள், வெளிக்கிடுங்கோ."

மூடியைத் திறந்தார். வற்றிய புளிக்குழம்புக்குள் உள்ளிப்பல்லோடு கிடந்த கோதுகள் மஞ்சளாக இல்லை. செம்பு நிறம், ரோசாப் பூ நிறம். பித்தளை வெந்து செத்துவிட்டது. "ஐயோ, ஆற்றை சாமானைக் கெடுத்து வைச்சிருக்கிறீர்" என்றவர் கதிரையில் இருந்துவிட்டார். அப்போது படியில் பெக்கரின் காலடி.

பெக்கர் சட்டியைப் பார்த்தார். என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். ஒரு கோதை எடுத்துத் துடைத்து, சட்டைப்பையிலிருந்த குறட்டால் வாயை மெல்ல நெரித்தார். பிஸ்கோத்துப் போல் உடைந்தது. இதில் மருந்து நிரப்பிச் சுட்டிருந்தால் தன் முகத்தில் வெடித்திருக்கும் என்று பெக்கர் சொன்னதை என் மனுசன் எனக்குத் தமிழில் சொன்னார். நான் அழத் தொடங்கினேன். வீடும் போச்சு, முத்திரையும் போச்சு என்று நினைத்தேன்.

ஏன் சமைத்தாய் என்று கேட்டார். என் மனுசன் தனக்குத் தெரிந்த சொற்களில் கிணறு, பேணி, தம்பி என்று சொன்னார். பெக்கர் எங்கள் வீட்டுக் கதிரையில் முதன்முதலாக இருந்தார். வெற்றுக் கோதை இங்கே ஆரும் வைத்திருக்கலாம் என்றார். வந்த பெடியன் தன்னுடைய கழகத்துப் பெடியன்தான் என்றார். பிறகு என்னிடம் நேராகக் கேட்டார், உன் தம்பிக்கு என்ன நடந்தது?

எனக்கு ஜெர்மனில் இருந்தது ஒரே சொல். "கபுட்" என்றேன். மெஷின் பழுதானால் சொல்கிற சொல்.

அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்தநாள் காலை கதவடியில் ஒரு புதுச் சட்டி இருந்தது. டெர்மினுக்குப் பயந்து பயந்துதான் போனேன். கோதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. வழக்கம்போல் முகத்தைப் பாராமல் முத்திரை குத்தித் தந்தார்கள்.

பிறகு கெல்லரில் வினாகிரி மணம் வரவில்லை. ட்ரம் சத்தமும் இல்லை. ஆனால் பெக்கரின் மேசையில் கோதுகள் பளபளவென்று இருக்கும். கழகத்தில் கொடுத்துத் துலக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் பிள்ளையைக் காவிக்கொண்டு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவோம்.

ஒரு ஞாயிறு பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்தோம். படலையடியில் கால் நின்றது. கெல்லர் யன்னலுக்குள்ளிருந்து கலகலவென்று சத்தம். போத்தல் போடக்கூட விடாத மனுசன், ஞாயிற்றுக்கிழமை காலை ட்ரம் சுற்றுகிறார். பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். நீங்கள் கோயிலுக்குப் போனதும் தொடங்கிவிடுவார், வரமுதல் நிறுத்திவிடுவார் என்றாள். தெருவே ஏசிப் பார்த்துவிட்டதாம். எனக்கு வேறு நேரம் இல்லை என்று மட்டும் சொல்கிறாராம்.

நான் என் மனுசனைப் பார்த்தேன்.  சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் நின்ற இடத்தில் நின்றேன். மேசையைத் தேடவில்லை.

"உள்ளை போகாதையும். மனுசன் வெக்கப்படும்" என்றார் அவர்.

திரும்ப நடந்து போய்ப் பஸ் தரிப்பில் இருந்தோம். பூசைக்கு இனிப் பஸ் இல்லை என்று தெரியும். மகளுக்குப் பிஸ்கோத்துக் கொடுத்துக்கொண்டு, பூசை முடிகிற நேரம்வரை அங்கேயே இருந்தோம். வீட்டுக்கு வந்தபோது பெக்கர் வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றார். பூசை நல்லதா என்று கேட்டார். நல்லது என்றேன்.

பெக்கர் போய்ச் சேர்ந்து கனகாலம். வீட்டை வாங்கியவர்கள் கெல்லரில் உடற்பயிற்சி மெஷின்கள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். ஞாயிறு பூசைக்குப் போகிற பஸ்ஸின் தரிப்பு இப்போது அந்த வீட்டடிக்கு வந்துவிட்டது. ஏறமுதல் நான் கொஞ்சநேரம் காது கொடுத்துப் பார்ப்பேன். அந்தத் தெருவில் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு சத்தமும் இல்லை.