காணிக்கைப் பைக்குள் என் விரல்கள்

நான் குலுக்கலில் ஏமாற்றினேன். பணத்துக்காக அல்ல. நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்பதற்காக.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? சற்றுப் பொறுங்கள்...

எண்பதுகளின் நடுவில், சேத்தூருக்குப் பக்கத்தில் கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த ஒரு பங்குப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பங்குச்சாமியார் வயதில் இளையவர், பிடிவாதக்காரர். காலனிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதாது, மற்ற பிள்ளைகளோடு தோளுரச உட்கார வேண்டும் என்றார். யாரை எங்கே வைத்தாலும் சண்டை வரும் என்பதால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். திங்கட்கிழமைதோறும் ஜெபம் சொல்லிவிட்டு, கோவிலின் காணிக்கைப் பையில் பெஞ்சு எண் எழுதிய சீட்டுகளைப் போட்டு, பிள்ளைக்கு ஒன்றாக ஆசிரியை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

“ஆண்டவர் போட்ட எடத்த யாரு டீச்சர் மாத்தச் சொல்ல முடியும்?” என்று கேட்டு, பையை என் கையில் கொடுத்தார்.

முதல் திங்கள் நேர்மையாகத்தான் எடுத்தேன். காலனிப் பெண் செல்வராணிக்கு முதல் பெஞ்சு விழுந்தது. அவளுக்குப் பக்கத்தில் தோப்புக்காரர் வீட்டுப் பெண். அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணின் அம்மா வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

“நீங்களும் நம்ம ஆளுகதான டீச்சர். ஒங்களுக்குத் தெரியாததா? முடியாதுன்னா சொல்லிருங்க, நாங்க ராஜபாளையத்துல சேத்துக்கிடுதோம்.”

பிள்ளைகள் குறைந்தால் என் வேலைக்கு ஆபத்து. அதுதான் காரணம் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்... ‘நம்ம ஆளுக’ என்றது எனக்கு இனித்தது. ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆன குடும்பம் எங்களுடையது. சாமியை மாற்றியிருந்தோம், சாதியை மாற்றவில்லை.

அடுத்த திங்கள் முதல் கடைசிப் பெஞ்சுச் சீட்டுகளை மட்டும் சுருட்டினேன், மற்றவற்றை மடித்தேன். பைக்குள் விரல் போனாலே எது எதுவென்று தெரிந்துவிடும். சாமியாருக்குச் சந்தேகம் வராதிருக்க, காலனிப் பையன்களில் ஒருவனை அவ்வப்போது நடுப் பெஞ்சுக்கு விட்டேன். என்னே சாமர்த்தியம்! செல்வராணியை மட்டும் விடவில்லை. புகார் அவளைப் பற்றித்தானே வந்தது?

அவளுக்குக் கண்பார்வை குறைவு. கடைசிப் பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரியாது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துத் தப்பும் தவறுமாக எழுதுவாள். ஒருநாள் என் மேசையருகே வந்து நின்றாள்.

“முன்னால இருந்தப்ப எழுத்து நல்லாத் தெரிஞ்சது டீச்சர். பொறவு எனக்கு மட்டும் ஏன் விழவே மாட்டேங்கு?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நன்றாக ஜெபம் செய்யச் சொன்னேன்.

அவள் செய்தாள்... ஒவ்வொரு திங்களும், கண்களை இறுக மூடி, உதடுகள் அசைய. அந்த முகத்துக்கு எதிரே நின்றுகொண்டுதான் சுருட்டிய சீட்டைத் தேடி எடுத்தேன். ஒரு திங்களாவது மடித்த சீட்டை எடுத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை.

ஆண்டு முடிவில் அவள் தேறவில்லை. படிப்பை நிறுத்த வந்த அவளுடைய அப்பா, “எங்க பிள்ளைக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான் டீச்சர்” என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் பதிலுக்குக் கைகூப்பினேன்.

பலமுறை பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், பொறாமை, சின்னச் சின்னப் பொய்கள்... இதைச் சொல்லவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதே சாமியார். அவரோ தன் குலுக்கலைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளில் ஒருநாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். முன் இருக்கையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். மில்லில் வேலை பார்ப்பவள் என்பது தலையில் ஒட்டியிருந்த பஞ்சில் தெரிந்தது. கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

“என்னத் தெரியலையா டீச்சர்? செல்வராணி. நீங்க இங்க உக்காருங்க, நான் பின்னால போறேன்.” பிறகு சிரித்தாள். “பின்னால இருந்து பழக்கந்தான. ஆண்டவர் எனக்குப் போட்ட எடம்லா அது.”

ஆண்டவர் அல்ல, நான்... மூன்றே சொற்கள். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

அவள் விட்டுப்போன இடத்தில் நான் உட்கார்ந்தேன். ராஜபாளையம் வரை திரும்பிப் பார்க்கவில்லை.