எல்லாக் கைகளும் உயர்ந்த வகுப்பு

பயிற்சி ஆசிரியர்கள் பாடம் எடுப்பதைப் பார்த்து மதிப்பெண் போடுவது இன்று என் பிழைப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கேள்வி கேட்டவுடன் வகுப்பில் எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தால் மற்றவர்களுக்கு மனம் குளிரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாப் பிள்ளைகளையும் அரவணைத்துக் கற்பிப்பது எப்படி என்று இப்போது தனியாக ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு என் மாமா நினைவுதான் வருகிறது.

எழுபதுகளில் நாங்கள் மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டின் மேல் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். வீட்டில் ராவுத்தர் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அத்தாவுக்குச் சுக்கு மண்டியில் எடை போடுகிற வேலை. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுடைய வலது கை தோளிலிருந்து செயலற்றுத் தொங்கிப்போனது. இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது என்று பெரியவர்கள் யோசித்து முடிப்பதற்குள் மூன்று வருடம் ஓடிவிட்டது. அதனால் நாலாம் வகுப்பில் நானும் அவளும் ஒரே பெஞ்ச். அந்த மூன்று வருடமும் அவள் மாடி ஜன்னலில்தான் இருந்தாள். கீழே போகிற கைவண்டி மூட்டையில் இருப்பது மிளகா, சுக்கா, ஏலக்காயா என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

மாமா அம்மாவின் தம்பி. ஆசிரியர் பயிற்சிக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அங்கே படித்ததையெல்லாம் சாயங்காலம் எங்கள் இருவரிடமும் பரீட்சித்துப் பார்ப்பார். சரியான பதிலுக்குக் கையோடு பரிசு கொடுத்தால் பிள்ளை மறுபடியும் பதில் சொல்லும் என்று ஒரு நாள் ஆரம்பித்தார். அன்று கடலை மிட்டாய் முழுக்க அக்காவுக்கே போனது. கண்ணும் காதும் மூக்கும் வேலை செய்தால்தான் பாடம் மனதில் நிற்கும் என்பார் இன்னொரு நாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம், ஆசிரியர்தான் பிள்ளையிடம் இறங்கிப் போக வேண்டும் என்றும் சொல்வார். அப்போது அவர் குரல் தழுதழுக்கும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அவருடைய பரீட்சைப் பாடம் எங்கள் வகுப்பிலேயே அமைந்தது. பயிற்சிப் பள்ளியிலிருந்து பெரிய மாஷ், அதாவது பெரிய வாத்தியார், வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் தேறினால் மாமாவும் மாஷ் ஆகிவிடலாம். எங்கள் ஊர்ச் சரக்குகளைப் பற்றித்தான் பாடம். ஐந்து துணி முடிச்சுகளில் ஐந்து சரக்கு. பிள்ளைகள் முகர்ந்து பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும்.

பரீட்சைக்கு முதல் நாள் மாமா வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு எங்களுக்கு ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தார். கேள்வி கேட்டதும் அத்தனை பேரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்குங்கள், தெரியாதவர்கள் இடது கையைத் தூக்குங்கள். வலது கை தூக்கியவர்களை மட்டும் நான் எழுப்புவேன் என்றார். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. எனக்கு மாமாவை நினைத்து ஒரே பெருமை. வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது.

“அப்ப அக்கா எந்தக் கையத் தூக்கும் மாமா?”

“அவ இடது கையைத் தூக்கட்டும். அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதாடீ?” என்று அக்காவின் தலையில் செல்லமாகத் தட்டினார். அக்கா வீடு வரைக்கும் துள்ளிக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் நான் மதரஸாவில் ஓதிவிட்டுத் திரும்பியபோது ஐந்து முடிச்சும் தயாராக இருந்தது. கட்டியவள் அக்காதான். இடது கையால் பிடித்து, பல்லால் இழுத்துக் கட்டிய ஈரம் துணியில் இன்னும் காயவில்லை.

மறுநாள் பெரிய மாஷ் வந்து உட்கார்ந்தார். மிளகு முடிச்சு சுற்றி வந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. அக்காவின் இடது கைதான் முதலில் போனது. மாமாவின் பார்வை அவளைத் தாண்டிப் போய், வலது கை தூக்கிய ஒரு பையனை எழுப்பியது. அடுத்து ஏலக்காய், அடுத்து சுக்கு, அடுத்து கிராம்பு. ஒவ்வொரு முறையும் அக்கா கை தூக்கினாள், ஒவ்வொரு முறையும் மாமா வேறு யாரையோ எழுப்பினார். நேற்றுச் சொன்னதை மறந்துவிட்டாரே என்று எனக்குப் பதறியது. இரண்டு தரம் இருமிக்கூடப் பார்த்தேன்.

ஐந்தாவது முடிச்சு ஜாதிபத்திரி. எங்களைப் போன்றவர்கள் வீட்டு அடுப்படியில் அதற்கு என்ன வேலை? ஒருவருக்கும் தெரியவில்லை. வகுப்பு முழுக்க இடது கை தூக்கியது, நானும்தான். அப்போது அக்கா தன் இடது கையைக் கீழே இறக்கினாள். அந்தக் கையாலேயே வலது மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உயிரில்லாத கையைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினாள். வகுப்பிலேயே ஒரே ஒரு வலது கை.

மாமா பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, “ஜாதிபத்திரி” என்று தானே சொல்லி, தானே எழுதிவிட்டார்.

மணி அடித்ததும் பெரிய மாஷ் எழுந்து வந்து மாமாவின் தோளில் தட்டினார். “வளரே நன்னாயி. கை வய்யாத்த குட்டி வரெ கை பொக்கியல்லோ!” என்றார். ரொம்ப நன்று, கை முடியாத பிள்ளைகூடக் கை தூக்கிவிட்டதே என்று மெச்சுகிறாராம். மாமா அந்தப் பாராட்டைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு அல்வா வந்தது. நான் என் பங்கைத் தரையில் வீசி எறிந்தேன். “அக்காவ ஏன் கேக்கல? நீங்க பொய்யன்!” என்று கத்தினேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

“நான்தாண்டீ சொன்னேன். ஊரான் முன்னாடி அவளை எழுப்பி நிக்க வைக்காதேன்னு நேத்தே சொல்லிட்டேன். நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுக்க வேண்டிய புள்ள, அந்தக் கையை எல்லாரும் பாக்கணுமா? அவளும் முடிச்சுக் கட்டிக்கிட்டுக் கேட்டுட்டுத்தான இருந்தா. ஒரு வார்த்தை பேசினாளா? உனக்கு என்ன வந்துச்சு?”

அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து அல்வாவை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள். அவள்மீதும் எனக்குக் கோபம் வந்தது.

மாமா நல்ல மதிப்பெண்ணோடு தேறினார், ஹெட்மாஷ் ஆகி ஓய்வும் பெற்றுவிட்டார். ஆசையாகத்தான் பேசுவார், நானும் பதில் பேசுவேன். ஆனால் என் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அம்மா சொன்னது அன்று என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. மாமா எழுப்புவார் என்று நம்பிக் கை தூக்கி அக்கா ஏமாந்துபோனாள் என்றே வெகு காலம் நினைத்திருந்தேன். தன்னை யாரும் எழுப்பப் போவதில்லை என்று முதல் நாள் சாயங்காலமே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஐந்து முறையும் தூக்கினாள்.