நிவரின் தண்ணீர்ச் சட்டி

களிம்பு பூசுவதற்கு எல்லப்பன் ஒரு முறை வைத்திருந்தார். வெயில் தாழ்ந்ததும், கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் நிழலில் வந்து உட்காருவார். சொம்பில் கொண்டுவந்த நல்ல தண்ணீரில் முழங்கைகளைக் கழுவி, பழைய வேட்டித் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பார். டியூபை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து பட்டாணி அளவு பிதுக்கி, செதில் படிந்த இடத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டமாகத் தேய்ப்பார். முதலில் இடது முழங்கை, பிறகு வலது, கடைசியில் முழங்கால்கள். அதுவரை அவருடைய நாய் நிவர் முன்னங்கால்களின் மேல் தாடையை வைத்துக் காத்திருக்கும். டியூபின் மூடியைத் திருகி மூடியதும் எழுந்து வந்து, அவர் பூசிய அதே வரிசையில் நக்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"நாய் நாக்குல மருந்து கீதுபா" என்பார், நான் பார்ப்பதைக் கண்டால். "டாக்டர் குடுத்தது பாதி, இவன் குடுக்கறது பாதி."

நிவர் புயல் அடித்த வாரம் முள்காட்டில் கிடந்த குட்டி அது. அதனால் அந்தப் பெயர்.

அவருக்கு இருந்தது சொரியாசிஸ். ஒட்டாத நோய் என்று பொன்னேரி டாக்டர் சொன்னதை லைட்ஹவுஸ் குப்பம் நம்பவில்லை. டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர், அவருக்கு மட்டும் காகிதக் கப். அவர் மனைவி மஞ்சு அவருடைய துணியைத் தனி வாளியில் அலசுவாள். அவரோடு படகேற ஆள் கிடையாது, சாம்சனைத் தவிர. இருவரும் இருபது வருடமாக ஒரே நண்டு வலை இழுத்தவர்கள்.

"வலை பூரா செதிலு. மீனோடதா, உன்னுதாடா?" என்பார் சாம்சன்.

"எடை போட்டு வித்துடு. பாதி பங்கு எனக்கு" என்பார் எல்லப்பன். எங்கள் வீடு எதிரிலேயே இருந்ததால் இந்தச் சிரிப்பு எனக்குக் காலை அலாரம் மாதிரி.

போன மாசி மாதம் தோல் டாக்டர் களிம்பை மாற்றினார். பழையது தோலை மெலியவைக்கிறது, இது வேறு வகை என்று சொன்னாராம். புது டியூப் வந்தது. முறை மாறவில்லை. நிவரும் அதே வரிசையில் நக்கியது.

ஐந்தாம் நாள் நிவர் சாப்பாட்டைத் தொடவில்லை. சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாந்தி எடுத்தது. மறுபடி குடித்தது. நின்ற இடத்திலேயே சிறுநீர் போனது. சட்டி காய்ந்தால் தள்ளாடித் தள்ளாடி அலையோரம் போனது. "வெறி புடிச்சிருக்கும், அடிச்சிப் போட்ருங்க" என்றார்கள் சிலர். வெறி பிடித்த நாய் இப்படித் தண்ணீருக்கு அலையுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எல்லப்பன் அதைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். மாட்டு டாக்டர் ரத்தம் எடுத்து, சலைன் ஏற்றினார். "தண்ணி உள்ள போய்க்கிட்டே இருக்கணும்ங்க. இப்போதைக்கு அதான் மருந்து" என்றார். "வீட்ல யாராச்சும் மாத்திரை சாப்பிடறாங்களா? கீழ கெடந்து தின்னிருக்குமா?"

"மாத்திரையா? யாரும் இல்ல சார்" என்றார் எல்லப்பன். அது உண்மைதான்.

நிவரை வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் விடியும்போது எல்லப்பன் வெளியே வந்தார். படகுக்கு அருகே சாம்சன் குந்தியிருந்தார். அவர் கை நிவரின் தண்ணீர்ச் சட்டிக்குள் இருந்தது. எல்லப்பனைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்.

பத்து மணிக்கு டாக்டரின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். நாயின் ரத்தத்தில் கால்சியம் தாறுமாறாக ஏறியிருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. "சில எலி மருந்து இப்படிப் பண்ணும். அக்கம்பக்கத்துல யாராச்சும் வெச்சாங்களான்னு பாருங்க."

வலையை எலி கடிக்கிறது என்று சாம்சன் நீல நிற எலி மருந்துக் கட்டி வாங்கி வைத்திருந்தது குப்பத்துக்கே தெரியும். போன மாதம் நிவர் கருவாட்டை இழுத்தபோது சாம்சனின் மனைவி பிரின்சி, "ஒரு நாளைக்கு இதுக்கு வெக்கறேன் பாரு" என்று கத்தியதும் தெரியும்.

எல்லப்பன் நேராகச் சாம்சனிடம் போனார்.

"சட்டியில இன்னா போட்ட?"

சாம்சன் வலையிலிருந்து நிமிர்ந்தார். "நான் இன்னாத்த போட்டேன்?"

"எலிக்கு வெச்சிக்கீறியே, அதுவா?"

"எலிக்கு வெச்சது எலிக்கு. காலைலயே குடிச்சிட்டியா?"

"அப்போ சட்டிகிட்ட இன்னா வேல உனக்கு?"

சாம்சன் கையிலிருந்த வலையைக் கீழே விட்டார். "இருவது வருசம் ஒரே வலைய இழுத்துட்டு என்னியப் பாத்து இத கேக்கறியா? நானே போட்டேன்னு வெச்சிக்கோ. போடா."

எல்லப்பன் திரும்பி வந்து சட்டியை உதைத்து உடைத்தார். தண்ணீரை மணல் குடித்தது. விஷம் கலந்த இடம் என்று நிவரைத் தூக்கி வீட்டுக்குப் பின்னால் கட்டினார். அன்று யாரும் அதற்குத் தண்ணீர் காட்டினார்களா என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் சாயங்காலம், அவர் வழக்கமாகக் களிம்பு பூசும் நேரத்தில், அது செத்துப்போனது.

சாம்சன் தன் பங்கு வலையைப் பிரித்துக்கொண்டு குடும்பத்தோடு காசிமேட்டுக்கு விசைப்படகு வேலைக்குப் போய்விட்டார். படகு கவிழ்ந்தபடியே கிடந்தது. எல்லப்பனுக்குச் செதில் முதுகு, மார்பு, தொடை என்று பரவியது. பட்டாணி அளவெல்லாம் போய், ஒரு டியூப் இரண்டு நாளைக்கு வரவில்லை. முதுகுக்கு மஞ்சுதான் பூசுவாள், கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு. அந்தப் பை சரசரக்கும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும்.

வைகாசி கடைசியில் அவருக்குத் தாகம் வந்தது. குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாலு நாள் வெளிக்குப் போகவில்லை. சாப்பிட்டது நிற்கவில்லை. ஒரு மத்தியானம் மஞ்சுவிடம், "நிவருக்குச் சோறு வெச்சியா?" என்று கேட்டார். அவள் என்னைக் கூப்பிட்டாள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தச் சீட்டைப் பார்த்த லேடி டாக்டர், "கால்சியம் இவ்ளோ ஏறியிருக்கே. கால்சியம் மாத்திரை, சத்து ஊசி ஏதாவது?" என்றார். இல்லை என்றாள் மஞ்சு. "உடம்புக்கு என்ன பூசறீங்க?"

மஞ்சு பையிலிருந்து டியூபை எடுத்தாள். தீர்ந்த டியூப்களும் அதில் கிடந்தன.

"இது வைட்டமின் டி வகையில ஒண்ணும்மா. வாரத்துக்கு இவ்ளோதான்னு அளவு இருக்கு. மீறினா தோல் வழியா உள்ள போய் ரத்தத்துல கால்சியத்தை ஏத்திடும்." சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். களிம்பு நின்றது. மூன்றாம் நாள் எல்லப்பனுக்குப் பேச்சு தெளிந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் மஞ்சு மறுபடி கேட்டு, டாக்டர் மறுபடி சொன்னதை எல்லப்பன் முழுவதும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாய் நக்குனா?"

"நாய்க்கா? ரொம்பக் கொஞ்சமே போதுமே. செத்துடும். ஏன், வீட்ல நாய் இருக்கா?"

எல்லப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் போனை வாங்கி சாம்சனைக் கூப்பிட்டார். மணி அடித்து நின்றது. மறுநாளும் கூப்பிட்டார், அதற்கடுத்த நாளும். இப்போது சாயங்காலம் படகு நிழலில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். களிம்பில்லை. முழங்கையை அதே வரிசையில் தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் பொன்னேரி ஸ்டேஷனில் பிரின்சியைப் பார்த்தேன். கருவாட்டுக் கூடையோடு ரயிலுக்குக் காத்திருந்தாள். இந்த மாதிரி விஷயமெல்லாம் எனக்குப் பேச வராது. ஆனாலும் களிம்பு விஷயத்தைச் சொன்னேன். கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அந்த நாயி உப்புத் தண்ணிய நக்கினு இருந்துச்சாம், எங்க வூட்டுக்காரரால பாக்க முடியல" என்றாள். "லாரித் தண்ணி எங்களுக்கே ரெண்டு கொடம்தான். அதுல ஒரு சொம்பு எடுத்துனு விடியகாலைல போவாரு, நான் பாத்தா கத்துவேன்னு. ராத்திரி காத்துல சட்டி பூரா மண்ணு வுழுந்திருக்குமாம். கைய வுட்டு அத வழிச்சிப் போட்டுட்டுதான் ஊத்துவாராம்."