மாமன் மடி விடுபட்ட படம்

நான் முதன்முதலாக வாதாடி வென்றது என் அப்பாவுக்கு எதிராக. அப்போது எனக்கு ஒன்பது வயது. மேடை என்று சொல்ல அங்கிருந்தது, எர்ணாவூர்ச் சமுதாயக் கூடம் ஒன்றின் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி.

அப்பாவுக்கு மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு. ஞாயிற்றுக்கிழமைகளில் காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று விசேஷங்களுக்குப் படம் எடுக்கப் போவார். யாரோ பயன்படுத்தி விற்ற கேமராதான். ஆனாலும் என் பள்ளிக் கட்டணத்தைச் சுமந்தது அதுவே. அம்மாவுக்கு ஞாயிறன்றும் துணிக்கடையில் வேலை இருந்ததால் அப்பாவோடு நானும் போவேன். எனக்கு அங்கே ஒரு பொறுப்பும் கிடையாது. முன்வரிசையில் அமர்ந்து, பிரியாணி வரும்வரை அடுத்த பேச்சுப் போட்டிக்கான உரையை மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிறு நான் ஒப்பித்த தலைப்பு 'வாய்மை'.

அன்று காலை ஆறு மணிக்கு இரவுப் பணி முடித்து வந்த அப்பா, குளித்துவிட்டு, நின்றபடியே தேநீர் குடித்துவிட்டுக் கேமராப் பையை எடுத்தார். திருவொற்றியூரிலிருந்து பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினார். தவறவிடக் கூடாத விசேஷம் அது. அதே வீட்டில் அடுத்த மாதம் ஒரு கல்யாணம். காதுகுத்துப் படங்கள் பிடித்துப்போனால் கல்யாணமும் அப்பாவுக்குத்தான் என்று பேச்சு.

குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசினார்கள். காது குத்த ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். தாய்மாமன் துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர். மூன்று தட்டுச் சீரோடு வந்து, பட்டு வேட்டி மடியில் மருமகனை வாங்கி வைத்துக்கொண்டார். மடியில் வைத்துக் காது குத்துவது அவருடைய உரிமை; அதற்குப் படம்தான் சாட்சி. செல்போனைத் தூக்கியபடி முன்னால் வந்தவர்களையெல்லாம், "தள்ளுங்கப்பா, போட்டோக்காரர் எடுக்குறாரு இல்ல" என்று பின்னுக்கு நிறுத்தியவரும் அவரே.

அப்பா தூணில் சாய்ந்து கேமராவைக் கண்ணருகே உயர்த்தினார். ஒரு கண் மூடியிருந்தது. குறி பார்க்கிறார் என்று பெருமைப்பட்டேன். பக்கவாட்டில் அமர்ந்திருந்த எனக்கு மட்டும் இன்னொரு கண்ணும் தெரிந்தது. அதுவும் மூடியிருந்தது.

குழந்தை வீறிட்ட சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தவர் படபடவென்று பொத்தானை அழுத்தினார். அதற்குள் குழந்தை தாயின் தோளுக்குப் போய்விட்டது.

மாமன் ஆசையாக வந்து கேமராவின் சிறு திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணே இது? மொட்ட கீது, தட்டு கீது, ஆசாரி கீறாரு. என் மடி எங்கண்ணே?"

"பேட்டரி பூட்ச்சி தம்பி. மாத்தறதுக்குள்ள..."

"பேட்டரியா?" அவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ இங்கதான குந்திகினு இருந்த? நைனா இன்னா பண்ணிகினு இருந்தாரு, நீ சொல்லு."

அப்பா என்னைப் பார்த்தார். கூடம் முழுவதும் என்னையே பார்ப்பதை உணர்ந்தேன். நாற்காலியின் மேல் ஏறி நின்றேன்.

"அவையோர் அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் உறங்கிவிட்டார். கேமராவில் பேட்டரி இருந்தது. அவர் கண்களில்தான் இல்லை!"

கூடம் அதிர்ந்தது. விசில்கூட அடித்தார்கள். "அய்ய, இன்னாமா பேசுது பாரு கொய்ந்த!" என்று ஓர் அம்மாள் என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்.

மாமன் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"நைட் ஷிப்டாண்ணே?"

அப்பா தலையசைத்தார்.

"நானும் ஹார்பர்ல அந்தப் பாடுதான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தட்டி எழுப்பியிருப்பேன். வுடு, இன்னொருவாட்டி எடுத்துக்கலாம்."

ஆனால், அழுது களைத்த குழந்தை அதற்குள் தூங்கியிருந்தது. எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. தூங்கும் குழந்தையை மாமன் மடியில் கிடத்திக்கொள்ள, தோடு ஏறிவிட்ட காதருகே ஆசாரி ஊசியை வெறுமனே பிடித்துக்கொண்டார். "போட்டோக்காரர் தூக்கம் புள்ளைக்கும் ஒட்டிக்கிச்சி மாமு!" என்று எவரோ கத்த, மறுபடியும் சிரிப்பு. காது குத்தும்போது நிம்மதியாக உறங்கும் குழந்தையின் படம் அந்த வீட்டுச் சுவரில் இன்றும் தொங்கக்கூடும்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் அப்பா தூங்கவில்லை. "நல்லா பேசின" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு வேறொருவர் படம் எடுத்தார். யாரும் அப்பாவிடம் கோபித்துக்கொள்ளவில்லை. எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர்வரை, 'தூங்கிக்கினே எடுப்பாரே, அந்த போட்டோக்காரரு' என்று அன்போடுதான் சொல்லிச் சிரித்தார்கள். அழைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். சில மாதங்களில் கேமராப் பை பரணுக்கு ஏறியது. அப்பா இரவுப் பணி முடிந்த கையோடு பகல் பணியையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார். வாய்மை குறித்த என் உரைக்கு முதல் பரிசு கிடைத்தது.

அதன்பின் என் போட்டிகள் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்து முன்வரிசையில் அமர்வார். முதுகை நாற்காலியில் சாய்க்க மாட்டார். மற்ற தகப்பன்மார்கள் வாய் பிளந்து உறங்கும் அரங்கில், அவர் மட்டும் சிவந்த கண்களை அகல விரித்து, இமைக்கவும் அஞ்சியவராய் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கேட்போரை உறங்கவிடாத நாவன்மை எனக்கு வாய்த்துவிட்டது என்று நான் நம்பினேன்.